எல்லை வரை போய்த் திரும்பும் பிழைப்பு

2025 நவம்பரில் தாய்லாந்தின் குடிவரவுத் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. விசா இல்லாமல் நுழையும் சலுகையைப் பயன்படுத்தி, தக்க காரணம் இல்லாமல் இரண்டு முறைக்கு மேல் வெளியேறித் திரும்பி வருவோர் இனி நுழைவிடத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம் என்பது அதன் சாரம். மேற்கத்திய நாடுகளிலிருந்து வந்து பாங்காக்கிலும் சியாங் மாய் நகரிலும் மடிக்கணினியோடு வாழ்பவர்களின் தலைவலியாகவே உலக ஊடகங்கள் இதைப் பேசின. தமிழ்நாட்டில் இது ஒரு செய்தியாகவே கவனிக்கப்படவில்லை. ஆனால், நம் ஊர் இளைஞர்களின் வாழ்வோடு நேரடித் தொடர்புடைய செய்தி இது என்று நான் கருதுகிறேன்.

வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் இளைஞர்களிடமும் அவர்களை அனுப்பிவைக்கும் குடும்பங்களிடமும் பேசும்போது, ஒரு வாக்கியம் மாறாமல் காதில் விழுகிறது: “முதல்ல விசிட்ல போயிடலாம், அங்க போய் மாத்திக்கலாம்.” விமானப் பயணச்சீட்டின் விலையை நான்கு இடங்களில் விசாரிப்பவர்கள்கூட, அந்த ‘மாற்றிக்கொள்வது’ எப்படி நடக்கும், நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று விசாரிப்பதில்லை. விசா ஓட்டம் என்று உலகம் அழைக்கும் நடைமுறையின் தமிழ் வடிவம் அந்த வாக்கியம்தான்.

ஓட்டத்தின் கணக்கு

விசா ஓட்டம் என்பது எளிமையான உத்தி. சுற்றுலாப் பயணியாக ஒரு நாட்டுக்குள் நுழைபவருக்குக் குறிப்பிட்ட நாட்கள் தங்க அனுமதி கிடைக்கிறது. அது முடியும் நாளில் அருகில் உள்ள எல்லையைக் கடந்து, அண்டை நாட்டு முத்திரையைப் பெற்று, சில மணி நேரத்திலோ மறுநாளோ திரும்பி வருகிறார். நாட்கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. தாய்லாந்தின் புவியியல் இதற்கு வாகாக அமைந்தது. வடகிழக்கே லாவோஸ் தலைநகர் வியன்டியான், கிழக்கே கம்போடியாவின் போய்பெட், மேற்கே மியான்மரின் மியாவாடி, தெற்கே மலேசியாவின் பினாங்கு என நான்கு திசைகளிலும் ஓடுபாதைகள் இருந்தன. பயணிகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், முத்திரை வாங்கிக் கொடுத்து, இரவில் திருப்பிக் கொண்டுவரும் வேன் சேவையே ஒரு தொழிலாக வளர்ந்தது.

அரசுக்கு இது தெரியாமல் நடந்ததல்ல. 2014இல் ஒரு கெடுபிடி வந்தது. 2016 இறுதியில், விசா விலக்கில் தரை வழியாக ஓராண்டில் இரண்டு முறை மட்டுமே நுழையலாம் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. தரை வழி அடைபட்டதும் ஓட்டம் விமானத்துக்கு மாறியது. கரோனாவுக்குப் பிறகு சுற்றுலா வருவாயை மீட்க வேண்டிய கட்டாயத்தில், 2024 ஜூலை 15 முதல் இந்தியா உள்பட 93 நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமல் 60 நாட்கள் தங்கலாம் என்று தாய்லாந்து அறிவித்தது. அதற்குமேல் 30 நாட்கள் நீட்டிப்பும் பெறலாம். கதவை அகலத் திறந்த அதே அரசுதான் அடுத்த ஆண்டே வாசலில் நின்று எண்ணத் தொடங்கியது. இதற்கிடையே 2025 ஜூனில் கம்போடியாவுடன் எல்லைப் பூசல் முற்றி அந்தப் பக்கத்து வாயில்கள் மூடப்பட, ஓர் ஓடுபாதை தானாகவே அடைபட்டது.

ஒரு விதி கடுமையாவதும், பிறகு தளர்வதும், மீண்டும் கடுமையாவதும் ஏன் என்று கேட்டால், அந்த நாட்டின் இரட்டை மனநிலை புலப்படும். அங்கே ஒரு சாதாரண நிறுவனம் வெளிநாட்டவர் ஒருவரை முறைப்படி பணியில் வைத்துக்கொள்ள வேண்டுமானால், பொதுவாக 20 லட்சம் பாட் பதிவு மூலதனமும் நான்கு தாய்லாந்து ஊழியர்களும் இருக்க வேண்டும். பணிக்கான விசாவும், அதற்குப் பிறகு பணி அனுமதியும் தனித்தனியே பெற வேண்டும். சிறிய நிறுவனங்களுக்கு இது எட்டாத விதி. ஆனால், அவற்றுக்கு ஆள் வேண்டும். ‘அடுத்த மாதம் அனுமதி வாங்கித் தருகிறோம், அதுவரை ஒருமுறை எல்லைக்குப் போய் வாருங்கள்’ என்ற வாக்குறுதி அங்கிருந்துதான் பிறக்கிறது. விதியை வளைப்பதன் லாபம் முதலாளிக்கு. அதன் ஆபத்து முழுவதும் கடவுச்சீட்டை நீட்டுபவருக்கு.

அந்த ஆபத்து சிறியதும் அல்ல. தாய்லாந்தில் அனுமதிக் காலம் முடிந்து தங்கினால் ஒரு நாளைக்கு 500 பாட் வீதம், அதிகபட்சம் 20,000 பாட் வரை அபராதம். 2016 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, 90 நாட்களுக்கு மேல் தங்கிவிட்டுத் தானாக வந்து சரணடைபவருக்கு ஓராண்டு நுழைவுத் தடை. பிடிபட்டால், ஓராண்டுக்குக் குறைவான மீறலுக்கே ஐந்தாண்டுத் தடை. அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதத்துடன் நாடுகடத்தலும் உண்டு.

பணத்துக்கு ஒரு வரிசை

இதே நாடு, வேறொரு வாயிலையும் திறந்து வைத்திருக்கிறது. 2024 ஜூலையில் அறிமுகமான ‘டெஸ்டினேஷன் தாய்லாந்து’ விசா ஐந்தாண்டுகள் செல்லும். ஒவ்வொரு நுழைவிலும் 180 நாட்கள் தங்கலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்காகத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது இது. இதற்கு 5 லட்சம் பாட் கையிருப்பைக் காட்ட வேண்டும். நம் பணத்தில் 12 லட்சம் ரூபாய்க்கும் மேல். 2022இல் வந்த பத்தாண்டு நீண்டகாலக் குடியிருப்பு விசாவின் சில பிரிவுகளுக்கு ஆண்டு வருமானமே 80,000 டாலர் தேவை. ஐம்பது வயதைக் கடந்தவர் ஓய்வுக்காலத்தை அங்கே கழிக்க, வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும்.

மறுமுனையில், தாய்லாந்தின் மீன்பிடித் துறையையும் கட்டுமானத்தையும் தோளில் சுமக்கும் லட்சக்கணக்கான மியான்மர் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இரு நாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருவோர் நான்கு ஆண்டுகள் வேலை செய்தபின் வெளியேறி, மீண்டும் புதிதாகப் பதிவு செய்து வர வேண்டும். அதற்கான செலவும் தரகும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. சட்டமே கட்டாயப்படுத்தும் விசா ஓட்டம் என்று இதைச் சொல்லலாம். ஆக, பணம் உள்ளவருக்கு ஐந்தாண்டு விசா; உழைப்பு மட்டுமே உள்ளவருக்குக் கெடு; இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்கு எல்லை வரை ஓட்டம். விதிமீறல் என்று நாம் பார்ப்பது பல வேளைகளில் இந்த வரிசையின் விளைவு.

வளைகுடாவின் பழைய பாடம்

தமிழர்களுக்கு விசா ஓட்டம் தாய்லாந்தில் தொடங்கவில்லை. துபாய்க்கு விசிட் விசாவில் போய், வேலை தேடி, கிடைக்காமல் விசா முடிந்தவர்கள் பல ஆண்டுகளாக ஈரானின் கிஷ் தீவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். விசா இல்லாமல் நுழைய முடிகிற அந்தச் சிறு தீவில், மலிவான விடுதிகளில் தங்கி, அடுத்த விசா வரும்வரை காத்திருப்பார்கள். இரண்டு நாட்களில் வந்துவிடும் என்று முகவர் சொன்ன விசா, சிலருக்கு வாரக்கணக்கில் வராது. கையில் இருக்கும் பணம் கரையும். ஊருக்குத் திரும்பவும் வழி இருக்காது. 2004 பிப்ரவரி 10 அன்று கிஷ் தீவிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்த விமானம் தரையிறங்கும் முன் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 46 பேரில் 43 பேர் இறந்தனர். பலியானவர்களில் இந்தியர்களும் உண்டு. அந்தச் சிறிய விமானத்தடம் எதற்காக அவ்வளவு பரபரப்பாக இயங்கியது என்ற கேள்வி மட்டும் நம் நாட்டில் பெரிதாக எழவில்லை.

ஐக்கிய அரபு அமீரகம் தன் பங்குக்குச் சில பாடங்களைக் கற்றது. 2022 அக்டோபர் சீர்திருத்தங்களில் வேலை தேடுவதற்கென்றே 60, 90, 120 நாட்கள் செல்லும் தனி விசா வந்தது. உள்ளூர்ப் புரவலர் தேவையில்லை. ஆனால், அது பட்டதாரிகளுக்கும் திறன்மிக்க பணிப் பிரிவினருக்கும் மட்டுமே. கொத்தனாருக்கும் ஓட்டுநருக்கும் கடை ஊழியருக்கும் பழைய விசிட் விசாதான் வழி. 2024இல் அமீரகம் தன் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாமல் ஆள் வைக்கும் நிறுவனங்களுக்கான அபராதத்தை ஒரு லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை உயர்த்தியது. தண்டனையின் கனத்தைத் தொழிலாளியிடமிருந்து முதலாளியின் பக்கம் நகர்த்தியது என்ற அளவில் இது வரவேற்கத்தக்கது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, காலம் கடந்து தங்கியவர்கள் அபராதமின்றி வெளியேறவோ தம் நிலையைச் சீர்செய்துகொள்ளவோ பொதுமன்னிப்பும் வழங்கியது. தண்டனையால் மட்டுமே இந்தச் சிக்கல் தீராது என்பதை ஒரு கண்டிப்பான அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

மே சோட்டில் நின்ற விமானங்கள்

விசிட் விசா பிழைப்பின் மிகக் கொடிய முகம் தாய்லாந்தின் மேற்கு எல்லையில் உள்ள மே சோட் நகரில் தெரிந்தது. ஒரு காலத்தில் விசா முத்திரைக்காக வெளிநாட்டவர்கள் வந்துபோன ஊர் அது. குறுகலான மோய் ஆற்றின் மறுகரையில் மியான்மரின் மியாவாடி. அங்கே ஆயுதக் குழுக்களின் நிழலில் வளர்ந்த இணையவழி மோசடி வளாகங்களுக்கு ஆங்கிலமும் கணினியும் தெரிந்த இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை, நல்ல சம்பளம், விசா செலவு இல்லை என்று சமூக வலைத்தளங்களில் விளம்பரங்கள் வந்தன. இந்தியாவில் இருந்த முகவர்களும் துபாயில் இருந்த முகவர்களும் ஆள் பிடித்தார்கள். பாங்காக்கில் சுற்றுலாப் பயணியாக இறங்கியவர்கள், வேலையிடத்துக்கு என்று சொல்லிக் காரில் ஏற்றப்பட்டு, ஆற்றைக் கடக்கும்போதுதான் தாம் வேறொரு நாட்டுக்குப் போவதை உணர்ந்தார்கள்.

2022 செப்டம்பரில் தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் இது குறித்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் தொடக்கத்தில் தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தனர். அது முடிவல்ல. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படையின் விமானங்கள் மே சோட்டில் இறங்கி, இரண்டு நாட்களில் 549 இந்தியர்களை அழைத்துவந்தன. அந்த ஆண்டு நவம்பரில் மீண்டும் அதே ஊர், மீண்டும் விமானப்படை விமானங்கள், மீண்டும் நூற்றுக்கணக்கான இந்தியர்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த வளாகங்களிலிருந்து தப்பி ஆற்றைக் கடந்து திரும்பியவர்களைத் தாய்லாந்துச் சட்டம் முதலில் பார்த்தது, அனுமதியின்றி எல்லை தாண்டியவர்களாகத்தான். சிலர் காவலில் வைக்கப்பட்டார்கள். விசா என்பது ஒரு காகிதச் சடங்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேலைக்கான விசாவில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். பிரச்சினை வந்தால் அதைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். சுற்றுலா அனுமதியில் எவருடைய பெயரும் இல்லை. அதில் போகிறவருக்குச் சம்பள பாக்கி என்று முறையிட ஒரு முதலாளி சட்டத்தின் கண்ணில் இல்லை. முறையிட்டால் முதலில் மாட்டிக்கொள்பவரும் அவரே. மோசடிக்காரர்கள் விசா இல்லாத நாடுகளை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

ஈரான் நிகழ்வு இதையே உறுதிப்படுத்துகிறது. 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்த ஈரான், 2025 நவம்பர் 22 முதல் சாதாரணக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இந்தியர்களுக்கு அதை நிறுத்திவைத்தது. வேலை ஆசை காட்டியும், வேறு நாடுகளுக்கு அனுப்புவதாகச் சொல்லியும் அங்கே அழைத்துச் செல்லப்பட்ட இந்தியர்கள் கடத்தப்பட்டுப் பிணைத்தொகை கேட்கப்பட்டதே அதன் பின்னணி. சுற்றுலாவுக்காகத் திறந்த கதவு, ஆள்கடத்துவோரால் மூடப்பட்டது.

சட்டம் காணாத பட்டதாரி

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். அதன்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டில் ‘குடிபெயர்வு அனுமதி தேவை’ என்ற முத்திரை இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட பட்டியலிடப்பட்ட நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். அப்போது வேலை ஒப்பந்தம் சரிபார்க்கப்படும். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் சேரும். பதிவுபெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர வேறு கட்டணம் வாங்கக் கூடாது.

ஏட்டளவில் நல்ல ஏற்பாடு. ஆனால், இதில் இரண்டு ஓட்டைகள். சுற்றுலாப் பயணியாகப் போகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. எனவே, ‘விசிட்டில் போய் மாற்றிக்கொள்வது’ என்பது சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து தானாகவே வெளியேறும் வழியாகிவிட்டது. இரண்டாவது, பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்தச் சட்டக் கண்காணிப்பே இல்லை. படித்தவர் தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்பது 1983இன் நம்பிக்கை. மியாவாடிக்குக் கடத்தியவர்கள் தேடியதோ படித்தவர்களைத்தான். பொறியியல் பட்டதாரி எந்த நாட்டுக்கு, எந்த வேலைக்கு, யார் மூலம் போனார் என்ற பதிவு எந்த அலுவலகத்திலும் இல்லை. அவர் காணாமல் போன பிறகே அரசின் கணக்கில் வருகிறார்.

இந்தச் சட்டத்துக்கு மாற்றாக, வெளிநாட்டு இடப்பெயர்வுக்கான புதிய மசோதாவின் வரைவை ஒன்றிய அரசு 2025இல் மக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அது சட்டமாகும்போது எத்தனை புதிய குழுக்களை அமைக்கிறது என்பதைக் காட்டிலும், கல்வித் தகுதியை வைத்துக் குடிமக்களைப் பிரிக்கும் பழைய கோட்டை அழிக்கிறதா, விசிட் விசாவில் ஆள் அனுப்பும் முகவரைக் குற்றவாளி ஆக்குகிறதா என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

கண்ணாடியின் மறுபக்கம்

வெளிநாடுகளைக் குறைசொல்லும்போது நம் நாட்டின் அனுபவத்தையும் நினைவில் கொள்வது நல்லது. இந்தியாவிலும் விசா ஓட்டம் இருந்தது. திருவண்ணாமலையிலும் கோவாவிலும் நீண்டகாலம் தங்கிய வெளிநாட்டவர்கள் காட்மாண்டுவுக்கோ கொழும்புக்கோ போய்த் திரும்பினார்கள். டேவிட் ஹெட்லி பலமுறை இந்தியா வந்துபோனது 2009இல் வெளிப்பட்ட பிறகு, சுற்றுலா விசாவில் வருவோரின் இரு வருகைகளுக்கு இடையே இரண்டு மாத இடைவெளி வேண்டும் என்ற விதியை இந்தியா கொண்டுவந்தது. அது ஹெட்லிகளைத் தடுத்ததோ இல்லையோ, இலங்கைக்கு ஒரு வாரம் போய்த் திரும்ப நினைத்த சாதாரணப் பயணியைத் தடுத்தது. 2012 இறுதியில் பெரும்பாலான நாட்டவர்களுக்கு அந்த விதி கைவிடப்பட்டது. பயத்தில் பிறக்கும் விதி, குறிவைத்தவரை விட்டுவிட்டு அப்பாவியைப் பிடிக்கும் என்பதற்கு நம் நாடே சாட்சி.

ஆகவே, விமான நிலையங்களில் சந்தேகத்துக்குரிய இளைஞர்களைத் திருப்பி அனுப்பினால் போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கடைசி நிமிடத்தில் தடுக்கப்படுபவர், நகையை அடகுவைத்து முகவருக்குக் கொடுத்த பணத்தை இழந்து வீடு திரும்புகிறார். முகவர் அடுத்தவரைத் தேடிப் போகிறார். தடுப்பு தொடங்க வேண்டிய இடம் விமான நிலையம் அல்ல. பணம் கைமாறும் ஊர்.

அங்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறை ஆணையரகமும் நல வாரியமும் இருக்கின்றன. அரசு நிறுவனமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. ஒரு முகவர் பதிவுபெற்றவரா, ஒரு வேலைக் கடிதம் உண்மையானதா என்பதை ஓர் இளைஞர் தன் மாவட்டத் தலைநகரிலேயே, ஓரிரு நாளில் சரிபார்த்துக்கொள்ள முடிய வேண்டும். இப்போது அந்தத் தகவல் இணையதளத்தில் இருக்கிறது. ஆனால், முகவர் வீட்டு வாசலில் இருக்கிறார். அந்தத் தூரம் குறைய வேண்டும். பொறியியல், கலைக் கல்லூரிகளின் இறுதியாண்டு வகுப்புகளில் இது ஒரு மணி நேரப் பாடமாகவாவது இடம்பெற வேண்டும். தப்பி வந்தவர்கள் கொடுக்கும் வாக்குமூலங்களை வைத்து உள்ளூர் முகவர்கள் மீது வழக்குகள் விரைந்து நடந்து, தீர்ப்பு வர வேண்டும். ஒன்றிய அரசோ, விசா விலக்குகளைத் தூதரக வெற்றியாகக் கொண்டாடுவதோடு நில்லாமல், தாய்லாந்து போன்ற நாடுகளோடு முறையான பணி அனுமதிக்கான உடன்பாடுகளையும், கடத்தப்பட்டவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாத ஏற்பாட்டையும் கேட்டுப் பெற வேண்டும்.

அரசுகள் இவற்றைச் செய்யும்வரை, குடும்பங்களின் கையில் இருப்பது ஒரே ஒரு கேள்விதான்: பயண நோக்கம் என்ற இடத்தில் வேலை என்று எழுதியிருக்கிறதா, சுற்றுலா என்று எழுதியிருக்கிறதா? வேலைக்குப் போகிறவரின் காகிதத்தில் சுற்றுலா என்று இருந்தால், முகவர் என்ன விளக்கம் சொன்னாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பயணத்தை நிறுத்திவிடுவது நல்லது.